குருசாமியின் ஜீப்பும் வானத்தைப் பார்க்கும் பெட்டியும்

“...அதான் தம்பி நான் கேக்கேன். இருபது வருசமா இந்த ரோட்டுல வண்டி ஓட்டுதவனுக்கு, நீ இங்கதான் நிக்கேன்னு ஒரு பெட்டி சொல்லணுமா? நான் எங்க நிக்கேன்னு எனக்குத் தெரியாதா? நீங்களே சொல்லுங்க.”

குருசாமி இவ்வாறு கேட்டபோது, அவருடைய ஜீப் ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தின் வாயிலைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. மதுரையிலிருந்து வந்து இறங்கிய காசிராஜன், கருவிகள் அடங்கிய தோல்பையை மடியில் இருத்திக்கொண்டு, மறுமொழி சொல்வதற்காக வாயைத் திறந்தார். அதற்குள் குருசாமி இரண்டாவது கியருக்கும் இரண்டாவது குறைக்கும் போய்விட்டிருந்தார்.

அது தொண்ணூற்றெட்டாம் ஆண்டு. ஆலங்குளத்துப் பக்கம் சுண்ணாம்புக்கல் கிடக்கும் நிலங்களுக்கு வரைபடம் வரைய ஓர் ஆய்வுக் குழு வந்திருந்தது. அதன் அதிகாரி ஜகந்நாதன், ராஜபாளையம் ஜீப் நிலையத்தில் நின்ற வண்டிகளையெல்லாம் சுற்றிப் பார்த்துவிட்டு, குருசாமியின் வண்டியை மாத வாடகைக்கு அமர்த்தினார். அமர்த்திய கையோடு அதற்குள் ஒரு ஜி.பி.எஸ். பெட்டியையும் பொருத்தச் சொன்னார். வானத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களிடம் கேட்டு, வண்டி பூமியில் எந்தப் புள்ளியில் நிற்கிறது என்று எண்களில் சொல்வது அதன் வேலை. வண்டி ஓடிய பாதை முழுவதையும் அது தன் வயிற்றுக்குள் வரைந்து வைத்துக்கொள்ளும். தொடக்கத்தில் நன்றாகத்தான் வரைந்தது. பிறகு தடுமாறியது. இப்போது பத்து நாளாக வானமே தெரியவில்லை என்று சாதிக்கிறது.

நேற்று ஜகந்நாதன் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். பெட்டியை விற்ற கடையிலிருந்து ஆள் வருகிறார். இன்று மாலைக்குள் சரியாகாவிட்டால் குற்றம் வண்டியில்தான் இருக்கவேண்டும். நாளைக்கே பெட்டியைக் கழற்றி, அதே நிலையத்தில் நிற்கும் சுப்புராஜின் வண்டியில் மாட்டிவிடுவதென்று முடிவு. அதாவது வேலையும் சுப்புராஜுக்கு. ஆண்டு முழுவதும் ஓடக்கூடிய வேலை. கலியாண முகூர்த்தத்தையும் திருவிழாவையும் எதிர்பார்த்து ஜீப் நிலையத்து வேப்பமரத்தடியில் காய்ந்துகிடந்த குருசாமிக்கு, அது எளிதில் விட்டுக்கொடுக்கக்கூடிய ஒன்றன்று.

ஆனால் அதை அவர் அப்படிச் சொல்லவில்லை. பெட்டியைப் பொருத்திய நாளிலிருந்து வரிசையாகத் தொடங்கினார்.

அதிகாரி கை வைத்துக் காட்டிய இடம், ஸ்டீயரிங்குக்கு இடப்புறம், முன்கண்ணாடிக்குக் கீழே, நட்ட நடு மையம். அங்கே ஆண்டாள் படம் இருந்தது. வண்டி வாங்கிய நாள்முதல் இருந்தது. அவளை நகர்த்த மாட்டேன் என்று குருசாமி நின்றார். பெட்டி சாய்ந்தால் எண் தெரியாது என்று அதிகாரி நின்றார். ஒரு முற்பகல் முழுவதும் இருவரும் இப்படி நின்ற பிறகு, எலக்ட்ரீசியன் ஐயாதுரை நடுவில் வந்து, நாச்சியாருக்கு வலக்கைப் பக்கமாக நான்கு விரல்கடை தள்ளி ஓர் இரும்புத் தாங்கி அடிப்பதாகப் பேசி முடித்தான். அதற்கு நான்கு துளை போடவேண்டும். துளை போடும் இயந்திரம் தகரத்தில் இறங்கியபோது குருசாமி சாலையின் மறுபுறம் போய் நின்றுகொண்டார். பெற்ற மகளுக்குக் காது குத்தும்போதுகூட மனிதர் இப்படிக் கலங்கவில்லை என்று அவருடைய மனைவி பிச்சையம்மாள் தெருவில் சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம். அந்தச் சிரிப்பையும் அவர் குறைகளின் வரிசையில் சேர்த்தே சொன்னார்.

காசிராஜன் தலையை அசைத்தார். பெட்டி எப்போது நின்றது என்று கேட்டிருக்கவேண்டும். ஏனெனில் குருசாமி, “வாரேன், அதுக்குத்தான் வாரேன்” என்றார். ஆனால் வரவில்லை. வழியில், எதிரே வந்த வத்திராயிருப்புப் பேருந்தின் ஓட்டுநர் கைகாட்டாமல் போனதைப் பற்றியும், அந்த ஓட்டுநரின் தகப்பனாராவது நல்ல மனிதர் என்பதைப் பற்றியும், பேருந்து நிலையத்து வாசலில் பால்கோவா வாங்குகிறவர்களின் அறியாமையைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. ராஜபாளையத்து எல்லை வந்தபோதுதான் அவர் பெட்டிக்குத் திரும்பினார்.

உள்ளே இருக்கும் பெட்டியால் ஒரு வம்பும் இல்லையாம். வம்பெல்லாம் கூரைமேல் இருக்கும் அதன் கண்ணால்தான். ஜன்னல் ரப்பர் வழியாக ஒரு மெல்லிய வயர் மேலேறி, தகரக் கூரையில் ஓர் இட்லியளவுக் கறுப்புக் குமிழில் முடிந்தது. காந்தம் வைத்தது, கவ்விக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அந்தக் குமிழ்தான் வானத்தைப் பார்க்கிறது. குமிழ் வானத்தைப் பார்த்தது. ஜீப் நிலையம் முழுவதும் குமிழைப் பார்த்தது.

சுப்புராஜ் வண்டியைச் சுற்றி வந்து, எல்லார் காதிலும் விழும்படி கேட்டிருக்கிறான்: “என்ன அண்ணாச்சி, இனிமே நீங்க எந்தக் கடையில டீ குடிக்கீங்கன்னு அமெரிக்காக்காரனுக்கும் தெரிஞ்சிருமாமே?”

“எவன் என்ன சொன்னாலும் எனக்கென்ன தம்பி? ஆனா அவன் பார்த்த பார்வை இருக்கு பாருங்க. வாய் சிரிக்குது, கண்ணு மட்டும் அந்தக் குமிழ விட்டு நகரல. அம்புட்டு வயித்தெரிச்சல். அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல.”

காசிராஜன் அதற்கும் தலையை அசைத்தார்.

ஜீப் ரயில்வே கேட்டில் நின்றது. செங்கோட்டை வண்டி வரவேண்டும். முன்னால் பஞ்சுப் பொதி ஏற்றிய லாரி, பின்னால் ஒரு டிராக்டர். குருசாமி இஞ்சினை அணைத்தார். பெட்டியின் முகத்தில், செயற்கைக்கோள் அகப்பட்டால் கறுக்கும் கட்டங்கள் எல்லாம் வெறுமையாகக் கிடந்தன. அதை ஒருமுறை பார்த்துவிட்டு, சுற்றுமுற்றும் நோக்கி, அதுவரை இல்லாத வழக்கமாகக் குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, இத நான் அந்த ஆபீசர்ட்ட சொல்லல. படிச்சவிய, கேட்டாச் சிரிப்பாங்க. சிரிச்சா அதுக்கு உள்ள பலம் போயிரும். உங்ககிட்ட சொல்லுதேன்.”

அவர் சொன்னது இதுதான். சுப்புராஜ் பார்த்த மறுநாளே வத்திராயிருப்புக்குப் போய், திருஷ்டிக்குத் தகடு எழுதுகிற ஒருவரைக் கண்டார். உள்ளங்கையளவு செப்புத் தகடு. கட்டம் கீறி, எழுத்து எழுதி, பூசை செய்தது. கண் விழுகிற இடத்தில்தான் காவலும் இருக்கவேண்டும் என்பது குருசாமியின் கணக்கு. ஆகவே தகட்டைக் குமிழின் தலைமேலேயே வைத்து, மஞ்சள் துணியால் கட்டினார். கட்டிய அன்றைக்குப் பெட்டி தடுமாறத் தொடங்கியது. கட்டத்தில் பாதி தெரிந்தது, பாதி தெரியவில்லை. பார்த்தார் குருசாமி. காவல் வைத்த பிறகும் இந்தப் பாடு படுத்துகிறதென்றால், சுப்புராஜின் கண் எப்பேர்ப்பட்ட கண்ணாக இருக்கவேண்டும். மறுபடியும் போனார். இந்தத் தடவை சிறு தகடெல்லாம் உதவாது என்று சொல்லி, கனமான செம்பில், நான்கு பக்கமும் மடித்துக் கவிழ்க்கும்படி, ஒரு மூடியாகவே செய்து வாங்கினார். பழைய தகட்டை எடுக்கவும் மனமில்லை. அதன்மேலேயே இதைக் கவிழ்த்து, புதுத் துணியால் இறுக்கிக் கட்டினார். வெயிலுக்காகக் கட்டியிருக்கிறார் என்று அதிகாரி நினைத்துக்கொண்டார். குருசாமியும் நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டார். அன்றோடு பெட்டி முழுக்க அவிந்தது.

“இப்ப சொல்லுங்க, ஒருத்தன் கண்ணுக்கு இம்புட்டு வீரியம் உண்டா? மூணாவதா வெள்ளியில செய்யலாமான்னு பிச்சையம்மாகிட்ட கேட்டேன். அவ என்ன சொன்னான்னா...”

காசிராஜன் கதவைத் திறந்து இறங்கினார். கேட்டடியில் நிற்கும்போது ஆண்கள் இறங்கி ஓரமாகப் போவது வழக்கம்தான் என்பதால், குருசாமி பேச்சை நிறுத்தவில்லை. பிச்சையம்மாள் சொன்னதையும், வெள்ளி விற்கும் விலையையும், அவளுடைய தமையன் தனுஷ்கோடி ஒரு வெள்ளிக் குத்துவிளக்கை வாங்கிப்போய்த் திருப்பித் தராததையும் காலியான இருக்கைக்குச் சொல்லிக்கொண்டே போனார். பின்படியில் யாரோ கால் வைத்து ஏறியதால் வண்டி சற்றே சாய்ந்தது. தலைக்கு மேலே துணி உரசும் ஓசை கேட்டது. பிறகு தகரத்தின்மேல் செம்பு இழுபடும் ஓசை.

“...அந்தக் குத்துவிளக்கு மட்டும் இப்ப கையில இருந்தா...”

பெட்டி ஒருமுறை கூவியது. வெற்றுக் கட்டம் ஒன்று கறுத்தது. சற்று நேரம் கழித்து இன்னொன்று. பிறகு சேர்ந்தாற்போல் மூன்று. எண்கள் வந்து நின்றன.

குத்துவிளக்கு பாதி வாக்கியத்தில் நின்றுபோயிற்று.

காசிராஜன் திரும்ப வந்து அமர்ந்து, இரண்டு தகடுகளையும் மஞ்சள் துணியில் மரியாதையாக மடித்து, இருவருக்கும் நடுவில் வைத்தார். செங்கோட்டை வண்டி கடந்து போயிற்று. கேட் திறந்தது. லாரி நகர்ந்தது. பின்னால் டிராக்டர்க்காரன் ஒலிப்பானை அழுத்தினான். குருசாமி இஞ்சினைத் தொடவில்லை.

“தம்பி, ஆபீசர்ட்ட என்ன சொல்லப் போறீங்க?”

காலையிலிருந்து அவர் கேட்ட கேள்விகளில், மறுமொழிக்காகக் காத்திருந்த கேள்வி இது ஒன்றுதான்.

காசிராஜன் நல்ல மனம் படைத்தவர். வயர் ஒன்று லூசாக இருந்தது, முறுக்கிவிட்டேன் என்று சொல்லிவிடலாம் என்றார். குருசாமி நன்றியோடு தலையை அசைத்து வண்டியைக் கிளப்பினார். பருத்தி மில்களும் தென்னந்தோப்பும் கடந்து கரிசல் தொடங்கும்வரை வண்டிக்குள் பேச்சில்லை. கரிசல் தொடங்கியதும் பேச்சும் தொடங்கியது.

வயர் லூசாம். எந்த வயர்? ஐயாதுரை ஈயம் வைத்து ஒட்டிய வயரா? தினமும் விடியுமுன் எழுந்து, பானட்டைத் திறந்து, ஒவ்வொரு முனையையும் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அவர் காப்பியே குடிக்கிறார். குருசாமி வண்டியில் வயர் லூசு என்று ஒரு சொல் ஜீப் நிலையத்தில் விழுந்தால், சுப்புராஜ் அதை வைத்து ஆயுள் முழுக்கச் சாப்பிடுவான். ஆலங்குளத்தில் ஆய்வுக் குழுவின் கூடாரம் வரும்வரை இது நடந்தது. காசிராஜன் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

ஜகந்நாதன் வெளியே வந்து, உள்ளே தலையை நீட்டி, பெட்டியைப் பார்த்தார். முகம் மலர்ந்தது. என்ன கோளாறு என்று கேட்டார். வயர், என்று காசிராஜன் தொடங்கினார்.

“வயர்ல ஒண்ணும் இல்ல சார்,” என்றார் குருசாமி. “எங்கிட்டதான் கோளாறு. திருஷ்டிக்குத் தகடு செஞ்சு அது கண்ண நானே மூடிட்டேன். வண்டி சுத்தமா இருக்கு. நீங்க யாரை வேணாலும் கூட்டியாந்து பாருங்க.”

ஜகந்நாதன் மஞ்சள் துணியைப் பிரித்துப் பார்த்தார். உதடு துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. துணியைப் பழையபடி மடித்துக் கொடுத்துவிட்டு, “நாளைக்குக் காலையில ஏழு மணிக்கு வந்துருங்க” என்றார்.

சிமெண்ட் ஆலையிலிருந்து கிளம்பிய பேருந்து சாலையில் நின்றது. காசிராஜன் தோல்பையை அணைத்துக்கொண்டு ஓடிப்போய் ஏறிக்கொண்டார், விடைபெறக்கூட இல்லை.

“போறதப் பாருங்க,” என்றார் குருசாமி, ஜகந்நாதனின் பக்கம் வசதியாகத் திரும்பி நின்றுகொண்டு. “நல்ல பையன்தான் சார். ஆனா வழி பூரா வாயத் தொறந்து ஒரு வார்த்த பேசணுமே. இப்படி இருந்தா கூட வாரவனுக்கு எப்படிப் பொழுது போகும்? அன்னைக்கு இப்படித்தான், வத்திராயிருப்புல ஒருத்தரு...”

ஜகந்நாதன் சாலையைப் பார்த்தார். அடுத்த பேருந்துக்கு இன்னும் நேரம் இருந்தது.