வேலித் தூணில் வைத்த சூப்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. எல்லாரும் சாப்பிட்டாயிற்றுதானே? நல்லது... இனிமேல் சாப்பிட முடியாது.

சாயங்காலம் நாலு மணி. டிசம்பரில் அப்போதே இருட்டிவிடும். ஓராவா மலையில், போலந்து எல்லைப் பக்கம் போகிற பாதை. பனி தள்ளும் லாரி ஒன்று மட்டும்... ஓட்டியவன் என் தோழியின் கொழுந்தன் வெண்டெலின். பக்கத்தில் ராடோவன். எந்த லாரி எந்த வழியாகப் போக வேண்டும் என்று திட்டம் போடுகிறவன்.

அந்தக் குளிர்காலம்தான் அவன் மேல்வீட்டுப் பாதையைத் திட்டத்திலிருந்து அடித்துவிட்டிருந்தான். முட்டுச் சாலை. ஏறினால் அதே வழியில் வெறுமனே இறங்க வேண்டும். உச்சியில் ஒரே வீடு, ஃபிலோமினா கிழவியுடையது. பனி தள்ள வருகிறவனுக்கு அவள் வேலித் தூணில் புளித்த முட்டைக்கோஸ் சூப் வைப்பாள். காலி செய்யாமல் திரும்பக் கூடாது. அங்கே அது வழக்கம்.

"ஒரு கிழவிக்காக ரெண்டு தடவை டீசல் எரிக்கணுமா?" என்று ராடோவன் கேட்டான். வெண்டெலினும் சரியென்று அந்தப் பக்கம் ஏறுவதை நிறுத்திவிட்டான்.

லாரி வரவில்லையே என்று அவளே இறங்கி வந்திருக்கிறாள். பாதி வழியில் பனிக்குள் விறைத்துச் செத்துக் கிடந்தாள், கையில் கிண்ணத்தோடு. நரிகள் அவள் முகத்தை... வேண்டாம். அதைச் சொல்ல மாட்டேன்.

அதற்கப்புறம்தான் நான் சொன்ன அந்தச் சாயங்காலம். புது வழியைச் சோதிக்க ராடோவனும் ஏறியிருந்தான். முதலில் நாற்றம்தான் வந்தது. அழுகிய முட்டைக்கோஸ்... ஈரக் கம்பளி...

"என்னய்யா தின்னே? கண்ணாடிய இறக்கு!"

"நான் ஒண்ணும் தின்னல சார். உங்க செண்ட்டுன்னுல்ல நெனச்சேன்."

தார்ச்சாலையைக் கரகரவென்று சுரண்டிக்கொண்டிருந்த லாரியின் முன்தகடு, எதையோ மெத்தென்று தள்ளத் தொடங்கியது. சதக்... சதக்...

வண்டி எங்கேயும் திரும்பவில்லை. ஆனாலும் விளக்கு வெளிச்சத்தில் கிழவியின் அந்த வேலித் தூண். மேலே கிண்ணம். ஆவி பறந்தது. இஞ்சின் அணைந்தது. சாவியைத் திருப்பினால் டிக்... டிக்... அவ்வளவுதான்.

"காலி பண்ணாத்தான் விடுவா சார். ஆளுக்குப் பாதி."

வெண்டெலின் இறங்கிப்போய் எடுத்து வந்து குடித்தான். கோழை மாதிரி வழவழவென்று இறங்கியது. பனி உருகச் சாலையில் தூவுகிற உப்பும் மணலும் பல்லில் நறநறத்தன. நரைமுடி ஒன்று நாக்கைச் சுற்றிக்கொண்டது. குமட்டி வந்ததையும் சேர்த்தே விழுங்கினான்.

"மிச்சம் உங்க பங்கு."

"சீ! கருமம்!" ராடோவன் கிண்ணத்தைப் பிடுங்கிப் பனியில் வீசினான். உடனே இஞ்சின் உறுமியது. "பாத்தியா? குடிக்காமலே விட்டுட்டா!"

சிரித்துக்கொண்டேதான் வீடு வந்து சேர்ந்தான். அவன் வீட்டு வேலித் தூணில் அதே கிண்ணம்... காலியாக. வாசலில் மகள் சோர்கா நின்றாள். உன் வயசுதான், செல்லம். உதட்டோரம் பிசுபிசுவென்று இருந்தது.

"அப்பா, ஒரு பாட்டி சூப் குடுத்தாங்க. உங்க பங்காம்."

சொல்லிவிட்டு, வாய்க்குள் விரல் விட்டு எதையோ பிடித்து இழுத்தாள். நரைத்திருந்தது. நீளமாக... வந்துகொண்டே இருந்தது.