மூன்று மில்லிமீட்டர் குறைந்த ஏடு

நீங்கள் அளவுகோலைச் சரியாகத்தான் பிடித்திருக்கிறீர்கள், நேதா. உங்கள் கடிதம் வந்த மதியம் மத்தி மீன் வாங்கி வந்திருந்தேன். அதைக் கழுவி உப்புத் தடவி வைத்துவிட்டுத்தான் உறையைப் பிரித்தேன். பிறகு மீனை மறந்தே போய்விட்டேன். அவ்வளவு நல்ல கேள்வி.

எங்கள் பேராலயத்தின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, எழுநூறு வயதான கையெழுத்துப் பிரதி, பிரித்துத் தைப்பதற்காக இப்போது ஸாக்ரெப்பில் உங்கள் மேசையில் இருக்கிறது. அதைப் பற்றிய விவரணையையும் புதிதாக எழுதுகிறீர்கள். நூற்றுப் பதினேழாம் ஏடு அதன் ஜோடியான நூற்றுப் பதினான்கைவிட மூன்று மில்லிமீட்டர் குட்டையாக இருக்கிறது, ஆனால் யாரும் அதை நறுக்கவில்லை, இது எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒரு பொருள் எப்படி உண்டாகிறது என்று பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும். ஒரு தோலை நடுவில் மடித்தால் இரண்டு ஏடுகள். அப்படி ஐந்து தோல்களை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகினால் பத்து ஏடுகள் கொண்ட ஒரு கட்டு. வரி போடுவதற்கு முன் ஓரத்தில் ஊசியால் துளையிடுவார்கள். ஒரே குத்து, பத்து ஏட்டிலும் இறங்கும். ஆகவே 114உம் 117உம் ஒரே ஆட்டின் தோல், ஒரே ஊசியின் துளைகள். நாற்பத்தாறு துளை இங்கே, நாற்பத்தாறு துளை அங்கே. முதல் துளையிலிருந்து கடைசித் துளை வரை ஒன்றில் இருநூற்று அறுபத்திரண்டு மில்லிமீட்டர், மற்றதில் இருநூற்று ஐம்பத்தொன்பது. ஒரு துளைகூடக் குறையவில்லை. எழுத்துகளே ஒரு மயிரளவு சிறுத்திருக்கின்றன. வெட்டியிருந்தால் ஓரம்தான் போயிருக்கும். இங்கே தோலே சுருங்கியிருக்கிறது.

எங்கள் ஊர்க் காற்றுகள் காரணமாக இருக்கலாம் என்று உங்கள் சகா சொன்னாராம். இந்தக் கடற்கரையில் எது நடந்தாலும் யூகோ மேல் பழியைப் போடுவது வழக்கம். தெற்கிலிருந்து அந்த ஈரக்காற்று வீசினால் எங்கள் ஆட்கள் சண்டை போடுவார்கள், தலைவலி என்பார்கள், வேலைக்குப் போகமாட்டார்கள். ஆனால் அதே காற்றைத்தான் 114உம் எழுநூறு வருஷம் குடித்தது. அது சுருங்கவில்லையே.

அந்த ஏடு திருடுபோன வழக்கின் கோப்பையும் படித்திருக்கிறீர்கள். அதன்படி 117 புத்தகத்தை விட்டு வெளியே இருந்தது பன்னிரண்டே நாள், 1964 ஜனவரி 13 முதல் 25 வரை. கிடந்த இடம் படகுத்துறையோரம் புரொஃபசர் விச்கோ ராடோவானியின் வீடு. அந்த வீட்டுச் சுவர்களில் குளிர்காலத்தில் தண்ணீர் வழியும். அங்கே தோல் உப்பும், சுருங்காது. ஆக, உங்கள் அளவுகோலும் கோப்பும் ஒத்துப்போகவில்லை. இரண்டில் ஒன்று தவறு. அளவுகோல் தவறில்லை.

நான் ஐம்பத்தொன்றில் பேராலயத்தின் ஆவண அறையில் வேலைக்குச் சேர்ந்தேன். மேலாளர் டோன் கார்லோ, குருவானவர், பார்வை மங்கியவர், நல்லவர். அவருக்கும் மேலே மேற்பார்வைக்கு என்று புரொஃபசர் ராடோவானி. பள்ளியில் லத்தீன் கற்பித்துவிட்டு வெள்ளிக்கிழமைதோறும் வருவார். அடுத்த பதினோரு வருஷத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு ஏடுகளையும் நான் ஒவ்வொன்றாக விவரித்தேன். தோலுக்கு மயிர்ப்பக்கம், சதைப்பக்கம் என்று இரண்டு உண்டு. மயிர்ப்பக்கம் மஞ்சளாக, புள்ளிபுள்ளியாக இருக்கும், சதைப்பக்கம் வெளுப்பு. நல்ல கட்டில், எங்கே விரித்தாலும் மஞ்சளுக்கு எதிரே மஞ்சள், வெள்ளைக்கு எதிரே வெள்ளை. அந்தப் புள்ளிகளைப் பூதக்கண்ணாடியில் பார்த்துத்தான் இது எங்கள் தீவுகளின் ஆட்டுத்தோல் என்று முதலில் சந்தேகப்பட்டேன்.

"என்ன தெக்லா, இன்னிக்கு எத்தனை மயிர் எண்ணினே?" என்பார் புரொஃபசர், கோட்டைக் கழற்றிக்கொண்டே.

"ஒரு சதுர அங்குலத்துக்கு நானூறு, புரொஃபசர்."

"அடேயப்பா. உன் தலையில இருக்கறதைவிட ஜாஸ்தி. டோன் கார்லோ, இவளை ஆட்டுக்குக் கட்டிவச்சிடலாம்யா."

டோன் கார்லோ இருமும்வரை சிரிப்பார். நானும் சிரித்தேன். நகைச்சுவை எனக்கும் புரியும்.

அந்தப் புத்தகம் இத்தாலியில் எழுதப்பட்டு இங்கே கப்பலில் வந்தது என்றுதான் எல்லோரும் நம்பியிருந்தார்கள். 117இன் பின்பக்கம், கீழ் ஓரத்தில், எறும்பு ஊர்ந்ததுபோல ஒரு வரி இருப்பதை நான் கண்டேன். லத்தீன் அல்ல. எங்கள் மொழி, எங்கள் பழைய எழுத்து: தெற்குக் காற்று, மூன்று நாளாக மை காயவில்லை. எழுதியவன் இந்த ஊர்க்காரன். இங்கே உட்கார்ந்து, இந்தக் காற்றைத் திட்டிக்கொண்டே எழுதியிருக்கிறான். பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டு, அந்த வரியை அப்போதே நோட்டில் எழுதிக்கொண்டேன்.

அதையும் சேர்த்து எட்டு நோட்டுகள் புரொஃபசரிடம் கொடுத்தேன். "நல்லாத்தான் எழுதியிருக்கே. கொஞ்சம் திருத்தி அச்சுக்கு அனுப்பிடலாம்," என்றார். அறுபத்திரண்டு நவம்பரில் புத்தகம் வந்தது. அட்டையில் அவர் பெயர் மட்டும்.

"உன்னையும் விடலை பாரு, முன்னுரையில, கடைசிப் பத்தி," என்று அவரே பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். 'புத்தகங்களைத் தூசு தட்டி எடுத்துக் கொடுத்த தெரேசா அம்மையாருக்கும் நன்றி.'

என் பெயர் தெரேசா அல்ல.

நான் கோபப்படவில்லை. அன்று மாலை கீரை வேகவைத்து, எண்ணெய் ஊற்றிச் சாப்பிட்டுவிட்டு, விவரணையை நானும் அவரும் எழுதியதில் என்ன வித்தியாசம் என்று யோசித்தேன். ஒரே வித்தியாசம்தான். நான் புத்தகத்தைத் திறந்திருக்கிறேன்.

அந்த நவம்பர் பதினொன்று, புனித மார்ட்டின் திருநாளன்று ஊரே புது ஒயின் குடித்துக்கொண்டிருந்தபோது சவர பிளேடால் 117ஐ எடுத்தேன். மடிப்போடு எடுக்கக்கூடாது, எடுத்தால் ஜோடி 114 தையலிலிருந்து கழன்றுவிடும். விரலகலம் விட்டு வெட்ட வேண்டும். நீங்கள் பார்த்த அந்தத் துண்டு விளிம்பு நான் விட்டது.

பிறகு காத்திருந்தேன். எடுத்ததை நான் மறைக்கவே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்த இடத்தைத் திறந்தால் மஞ்சளுக்கு எதிரே வெள்ளை. இரண்டு கால்களில் இரண்டு நிறக் காலுறை மாதிரி. அவர் தினமும் பள்ளியிலும் கூட்டங்களிலும் 'தெற்குக் காற்று ஏடு' பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். என்றாவது ஒருநாள் அதைப் பார்க்க ஆசைப்பட்டிருந்தால் போதும், அவர் தப்பித்திருப்பார். ஜனவரிதோறும் கணக்கெடுப்பு உண்டு. நான் ஏடுகளை எண்ணி 'முந்நூற்றுப் பன்னிரண்டு' என்பேன். டோன் கார்லோவுக்குக் கண் தெரியாது. புரொஃபசர் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தபடி கையெழுத்துப் போடுவார். அறுபத்து மூன்றில் போட்டார். அறுபத்து நாலு ஜனவரி ஏழாம் தேதியும் போட்டார்.

பதின்மூன்றாம் தேதி பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள். புத்தகத்தோடு புரொஃபசரைப் படம் எடுத்தார்கள், மூடிய அட்டையின் மேல் அவர் கை. அவர்கள் போனபின் தனியாக ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார்; அடுத்த அறையில் இருந்த எனக்குப் பத்திரிகை புரட்டும் சத்தம்தான் கேட்டது. பிறகு அலமாரியைப் பூட்டி, வேலைக்கு வேண்டும்போது நான் கேட்டு வாங்கும் அந்த ஒரே சாவியை வழக்கம்போலக் கோட்டுப்பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

இருபத்திரண்டு அவருடைய பெயர்த்திருநாள், அவர் பெயர்கொண்ட புனிதரின் நாள். வருஷா வருஷம் என்னையும் கூப்பிடுவார்கள். அவர் மனைவி பெரினா சுடச்சுடப் பணியாரம் பொரித்துக் கொண்டுவந்து, "தின்னுடி தெக்லா, ஈர்க்குச்சி மாதிரி இருக்கே. அந்தத் தூசியெல்லாம் உன்னைத் தின்னுடுச்சு," என்று என் தட்டில் குவித்தாள். அவள் அடுத்த வாணலிக்குப் போனபோது, அலமாரியில் இருந்த பெரிய தேசப்பட நூலுக்குள் ஏட்டை வைத்தேன். எட்டுப் பணியாரம் சாப்பிட்டேன். பெரினாவுக்குக் கைப்பக்குவம் உண்டு.

இருபத்து நாலாம் தேதி அவரிடம் சாவி கேட்டு வாங்கித் திறந்து, டோன் கார்லோவிடம், "நூற்றுப் பதினேழு இடத்துல இல்ல சாமி," என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். அந்த ஏடு எதைப் பற்றியது என்று நீங்களே விவரித்திருப்பீர்கள்: பொய்யாகக் குற்றம் சாட்டுபவருக்கு என்ன தண்டனை என்ற கேள்வி. எனக்கு அது பொருந்தாது. நான் யாரையும் குற்றம் சாட்டவில்லை. மறுநாள் போலீஸார் எங்கள் மூவரின் வீடுகளையும் சோதித்தார்கள், என் மெத்தையைக்கூடப் புரட்டினார்கள். ஏடு அந்தத் தேசப்பட நூலுக்குள் கிடைத்தது.

நீதிமன்றத்தில் அவருக்கு இன்னொரு வாய்ப்பும் இருந்தது. புகைப்படம் எடுத்த அன்று ஏடு இருந்ததா என்று நீதிபதி கேட்டார். 'தெரியாது, நான் திறக்கவில்லை' என்று சொன்னால் வழக்கே ஆட்டம் கண்டிருக்கும். வக்கீல் அவர் கோட்டைப் பிடித்து இழுத்ததை இரண்டாம் வரிசையிலிருந்து நான் பார்த்தேன்.

"இருந்தது. நான் வந்தா அந்த ஏட்டைப் பார்க்காம போறதே இல்ல. அன்னிக்கு ரெண்டு தரம் வாசிச்சேன்," என்றார்.

அவர் வந்தபோது ஏடு இருந்தது. பிறகு சாவி அவரிடம். பிறகு ஏடு அவர் வீட்டில். மூன்று வருஷம் சிறை. தலையில் யூகோ ஏறிவிட்டது என்று ஊர் பேசிக்கொண்டது.

சிறைக்கு ஒருமுறை போனேன், உலர்ந்த அத்திப்பழம் எடுத்துக்கொண்டு. மெலிந்திருந்தார். "தெக்லா, அந்தப் புத்தகத்தைத் தெரிஞ்சவ நீ ஒருத்திதான். யோசிச்சுச் சொல்லேன். யாரு எடுத்திருப்பா?"

"அன்னிக்கு ரெண்டு தரம் வாசிச்சேன்னு சொன்னீங்களே, புரொஃபசர்."

தலையைக் குனிந்துகொண்டார். "வாசிக்கல. திறக்கவே இல்ல."

"தெரியும்."

அவர் நிமிர்ந்தார். "தெரியும்னா நீ வந்து சொல்லலாமே? நீதிபதிகிட்ட. நீ சொன்னா…"

"தூசு தட்டுறவ சொல்றதை யாரு நம்புவாங்க?" என்றேன்.

அத்திப்பழப் பொட்டலத்தை என் பக்கமே தள்ளிவிட்டு எழுந்து போனார். விளங்கியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அந்தக் குளிர்காலத்தில் நுரையீரல் கெட்டு இறந்துபோனார்.

ஊரில் யாரும் பெரினாவோடு பேசவில்லை. நான் பேசினேன். ஞாயிறுதோறும் பூசை முடிந்து அவள் வீட்டில் காபி, இருபத்தொரு வருஷம். "செஞ்சிருப்பாரா தெக்லா?" என்று கேட்பாள். "யாரு கண்டா, பெரினா," என்பேன். கடைசியில் அவளே ஒரு முடிவுக்கு வந்து, குடும்பக் கல்லறையில் அவர் பெயரைப் பொறிக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். கல்தச்சனிடம் போய்ச் சொல்லிவிட்டு வந்தது நான்தான். அவளால் படி இறங்க முடியவில்லை. அவளும் போய் மூன்று வருஷமாகிறது. இப்போது அந்தக் கல்லில் அவள் பெயர் மட்டும் இருக்கிறது. அவர் அட்டையில் அவர் பெயர் மட்டும் இருந்ததுபோல.

இதையெல்லாம் பழிவாங்கல் என்று நீங்கள் நினைத்துவிடக் கூடாது. விவரணையில் தவறு இருக்கக் கூடாது என்பது மட்டும்தான் எப்போதும் என் கவலை. உங்கள் கேள்விக்கு விடை எழுதாமல் இருந்திருக்கலாம். ஆனால் நீங்கள் துளைகளை எண்ணியிருக்கிறீர்கள். இருபத்தாறு வருஷத்தில் அந்தப் புத்தகத்தைத் திறந்து பார்த்த முதல் ஆள் நீங்கள்தான்.

விடை இது. அப்போது நான் யாகோவின் ரொட்டிக்கடைக்கு மேலே குடியிருந்தேன். அடுப்பின் புகைப்போக்கி என் அலமாரிக்குப் பின்னால் ஏறும். வெறும் வறட்சியில் சுருங்கிய தோல், ஈரம் பட்டால் பழைய அளவுக்குத் திரும்பிவிடும். அங்கே அப்படியில்லை. விடியும்போது மாவு வேகும் ஆவி சுவர் வழியே வரும், பிறகு நாள் முழுதும் சூடு. ஆவியும் சூடும் மாறிமாறிப் பட்டால் தோலின் நார்கள் சுருண்டு இறுகும். அவை திரும்புவதில்லை. பன்னிரண்டு நாளில் இது நடக்காது. பதினான்கு மாதத்தில் நடக்கும்.

உங்கள் புதிய விவரணையில் இப்படிப் போடுங்கள்: ஏடு 117, மூன்று மில்லிமீட்டர் குறைவு. 1962 நவம்பர் 11 அன்று தெக்லா வியோலிச் வெட்டி எடுத்து, 1964 ஜனவரி 22 வரை தன் வீட்டில் ரொட்டி அடுப்பின் புகைப்போக்கி ஓரமாக வைத்திருந்ததால் சுருங்கியது. அதிலுள்ள தெற்குக் காற்று வரியைக் கண்டுபிடித்தவரும் அவரே. தெக்லா, தெரேசா அல்ல.