மகாவின் காலில் மஞ்சள்

“ஹலோ... ஹலோ, பாஞ்சாலிம்மாவா? நான் சாந்தகுமாரி மிஸ் பேசறேன்... ஆமா, ஆமா, ஸ்டேடியத்துல இருந்துதான். கேக்குதா? ...கேக்குதுல்ல. சரி. உங்க வீட்ல என்ன நடக்குது? அதை முதல்ல சொல்லுங்க.”

பெங்களூர் ஓரத்து ஹெப்பகோடியில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் சாந்தகுமாரி பகலெல்லாம் அறிவியல் டீச்சர், பொழுது விடியும்போதும் சாயும்போதும் ஓட்டப் பயிற்சியாளர். ஞாயிற்றுக்கிழமை வைக்கிற விசேஷங்களுக்குச் சொந்தக்காரர்கள் அவளைக் கூப்பிடுவதையே விட்டுவிட்டார்கள். கூப்பிட்டாலும் மைதானத்துக்குத்தான் போவாள் என்று அவர்களுக்குத் தெரியும். இப்போது அவள் கேலரிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டியின் நிழலில், ஒரு காதில் போனும் மறு காதில் விரலுமாக நின்றுகொண்டிருந்தாள். ஒலிபெருக்கி கன்னடத்தில் அலறிக்கொண்டிருந்தது.

“...என்னது, சாப்பிட்டாளாவா? ரெண்டு வாழைப்பழம் சாப்பிட்டா. அதுவா இப்போ பேச்சு? நான் மகா காலைப் பாத்துட்டேன்மா.”

பந்தயத்துக்கு முன்னால் ஒவ்வொரு பெண்ணின் காலையும் மடியில் எடுத்து வைத்துப் பார்ப்பது அவள் வழக்கம். நகம், விரல் இடுக்கு, குதிகால், கொப்புளம் எதையும் விடமாட்டாள். பெரியவர்கள் இப்படிக் காலைத் தொட்டால் பாவம் என்று பிள்ளைகள் நெளிவார்கள். பார்த்து முடித்ததும் அவள் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பாவத்தைக் கழித்துவிடுவார்கள். போன வருஷம் பள்ளி விளையாட்டு விழாவில் இதைப் பார்த்த பாஞ்சாலி, மகாவின் அம்மா, பதறிப்போய் ஓடி வந்தாள். ஒரு டீச்சர் போய் மகா காலைப் பிடிக்கலாமா என்றாள். ஓடுகிற பெண்ணுக்கு என்ன கஷ்டம் என்று முகம் சொல்லாது, கால்தான் சொல்லும் என்று சாந்தகுமாரி சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள்.

இன்று மகா சாக்ஸைக் கழற்ற மாட்டேன் என்றாள். குளிர்கிறதாம். பெங்களூரில் எதற்கும் குளிர்மேல் பழியைப் போட்டுவிடலாம். சாந்தகுமாரி விடவில்லை. சாக்ஸ் கழன்றபோது இரண்டு பாதங்களிலும் கணுக்கால்வரை நலங்கு மஞ்சள் அப்பியிருந்தது, ஓரத்தில் சிவப்புக் கோடு வேறு. மகா டீச்சரின் முழங்காலில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதாள். நாளை விடிகாலை, ஓசூர்ப் பக்கம் ஒரு கோயில், அத்தை மகன். அவள் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான்.

“நாளைக்குக் கல்யாணம். பத்தாவது படிக்கற பொண்ணுக்கு. பதினஞ்சு வயசு. இல்லைன்னு சொல்லுங்க பாக்கலாம்... என்னா? குடையா? ...குடை எடுத்துட்டு வந்தாளாவா? ஏம்மா, நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன சொல்றீங்க?”

சாந்தகுமாரிக்குக் கோபம் வந்தால் மரியாதை முதலில் போய்விடும். தலைமையாசிரியரே ஒருமுறை அதில் மாட்டியிருக்கிறார்.

“நீ பெத்தவதானே? எத்தனை தடவை உன் வீட்டுக்கு வந்து, உன் கையால காபி வாங்கிக் குடிச்சிட்டு, பொண்ணைப் படிக்க வை, ஓட விடுன்னு சொல்லியிருக்கேன். தலையாட்டினியே... இரு, நான் பேசி முடிக்கறேன். முகத்துல ஒரு பொட்டு மஞ்சள் இல்லை. கையில இல்லை. கால்ல மட்டும் பூசி, சாக்ஸை மாட்டி அனுப்பியிருக்கே. ஊருக்குத் தெரியக்கூடாதுன்னு எவ்வளவு சாமர்த்தியம்... என்னது? தண்ணி நிறையக் குடிக்கச் சொல்லணுமா?”

சாந்தகுமாரி சட்டென்று நிறுத்தினாள். பாஞ்சாலி கார்மென்ட்ஸ் கம்பெனியில் தைக்கிறவள். சின்ன விஷயத்துக்கும் கண் கலங்கிவிடுவாள். இவ்வளவு திட்டு வாங்கியும் அழாமல், பாடம் ஒப்பிப்பதுபோலச் சாப்பாடு, குடை, தண்ணீர் என்று பேசிக்கொண்டிருக்கிறாள்.

“பாஞ்சாலி... பக்கத்துல யாராவது இருக்காங்களா? ஆமான்னா ‘சரி மிஸ்’னு மட்டும் சொல்லுங்க. இல்லைன்னா ஒண்ணும் சொல்லாதீங்க... ம். வீட்டுக்காரரா? ...ம். போனை ஸ்பீக்கர்ல போட்டிருக்கீங்களா? ...இல்லை. அப்பாடா. காதோட ஒட்டி வெச்சுக்கோங்க.”

இவ்வளவு நேரம் தான் கத்தியது எதுவரை கேட்டிருக்குமோ என்று நினைத்தவள் குரலைத் தாழ்த்தினாள். அதற்குள் சிவப்புத் தொப்பி போட்ட போட்டி அலுவலர் ஒருவர், மகாவை உடனே அனுப்பச் சொல்லிக் கன்னடத்தில் கேட்டுக்கொண்டே ஓடி வந்தார்.

“ஹௌது சார், ஆயிரத்தைந்நூறு மீட்டர், நம்ம ஹுடுகினே. கள்ஸ்தீனி, ஒந்து நிமிஷ... பாஞ்சாலி, இருக்கீங்களா? கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. சீக்கிரம் கேக்கறேன். கேலரில பட்டுப்புடவை கட்டிட்டு ஒருத்தங்க உக்காந்திருக்காங்க. மகாகூட பஸ்ல வந்தவங்க. ஸ்கூல் போட்டிக்கு யாரு பட்டு கட்டிட்டு வருவாங்கன்னு நானே சிரிச்சேன். அது உங்க நாத்தனாரா? ...ம். மாப்பிள்ளையோட அம்மா. ஓடி முடிச்சதும் அப்படியே கூட்டிட்டுப் போயிடறாங்களா? ...அத்திபெலே தாண்டியா? ...ம்.”

அத்திபெலே தாண்டினால் வேறு மாநிலம், வேறு போலீஸ். எந்தக் கோயில் என்று விசாரிப்பதற்குள் தாலி ஏறியிருக்கும். முன்பு ரக்ஷிதா என்று ஒருத்தி இருந்தாள், நீளம் தாண்டுவாள். கோடை விடுமுறைக்குப் போனவள் திரும்பி வரவேயில்லை. அடுத்த வருஷம் பஸ் ஸ்டாப்பில் இடுப்பில் குழந்தையோடு நின்றாள். டீச்சரைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அன்று சாந்தகுமாரிக்கு வீட்டுக்குப் போய்ச் சோறு இறங்கவில்லை.

“ஒரு நிமிஷம் அப்படியே இருங்க, வெச்சுடாதீங்க... நாகேஷ், இங்க வாங்க. உங்க போன்ல டென் நைன் எய்ட் போடுங்க. ஆமா, சைல்டு லைன்தான். மகாவுக்கு நாளைக்குக் கல்யாணம்னு சொல்லுங்க, வயசு சொல்லுங்க, ஸ்டேடியத்துக்கே வரச் சொல்லுங்க. அந்தப் பட்டுப்புடவைப் பக்கம் மட்டும் திரும்பிப் பாக்காதீங்க.”

துணைக்கு வந்திருந்த கணக்கு வாத்தியார் நாகேஷ் உடனே திரும்பிப் பார்த்தார். நல்லவேளை, அந்த அம்மாள் மும்முரமாகக் கடலை உரித்துக்கொண்டிருந்தாள்.

“பாஞ்சாலி... இன்னிக்கு அவளை அனுப்ப வெச்சதே நீங்கதானா? அனுப்பலைன்னா மிஸ் வாசலுக்கே வந்து நிப்பாங்கன்னு அவருகிட்ட சொன்னீங்களா? ...ம். நல்ல வேலை பண்ணீங்க. இப்போ கேளுங்க. ஓடி முடிச்சதும் மகா கேலரிப் பக்கம் வரமாட்டா. ஜட்ஜுங்க போற வழியா நான் வெளியே கூட்டிட்டுப் போயிடுவேன். ராத்திரிக்கு வீட்டுக்கு வரமாட்டா. அரசாங்க ஹாஸ்டல்ல வெச்சுப்பாங்க. போலீஸ் உங்க வாசலுக்கு வரும். உங்க வீட்டுக்காரர் உங்களைத்தான் கேப்பாரு. அவரு... கை நீட்டுவாரா?”

மறுமுனையில் சத்தமே இல்லை. ஒன்றும் சொல்லாவிட்டால் இல்லை என்று அவளேதான் விதி போட்டிருந்தாள். இந்த மௌனத்தை அப்படி எடுத்துக்கொள்ள அவளுக்கு மனம் வரவில்லை.

“...சரி. சொல்ல வேண்டாம். வர்றவங்ககிட்ட உங்களைப் பத்தியும் சொல்றேன். சாயங்காலம் நானே வரேன், அவங்களையும் கூட்டிட்டு. பயப்படாதீங்கன்னு சொல்லமாட்டேன். எனக்கே பயமாத்தான் இருக்கு. ஆனா ஒண்ணு மட்டும் வேணும். உங்களுக்குச் சம்மதமா? நீங்க வேண்டாம்னாலும் நான் விடப்போறதில்லை, அது வேற. அம்மாவும் சேந்துதான் என்னைத் தள்ளிவிட்டாங்கன்னு நெனச்சுட்டு நிக்கறா அவ. அந்த மனசோட எப்படி ஓடுவா? அவகிட்ட போய்ச் சொல்றதுக்கு எனக்கு ஒரு வார்த்தை வேணும்... ஆமா... மெதுவா... அவரு பாக்கறாருன்னா இருமிக்கோங்க. அவசரமில்லை.”

அவசரம் இருந்தது. ஒலிபெருக்கி மகாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. புல்வெளிக்கு அந்தப் பக்கம் மகா எழுந்து நின்று டீச்சர் இருக்கிற திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாம்-அப்கூடச் செய்யவில்லை.

“...சரி. கேட்டுச்சு. நல்லாவே கேட்டுச்சு.”

சாந்தகுமாரி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். ஆனாலும் ஏதோ ஒன்று அவளை உறுத்திக்கொண்டே இருந்தது.

“பாஞ்சாலி, ஒண்ணு புரியலை. முகூர்த்தம் நாளைக்கு. இன்னிக்கு சாயங்காலம் எல்லாரும் இருக்கறப்போதானே நலங்கு வைப்பீங்க? இது ஈரம்கூடச் சரியாக் காயலை. விடிகாலைல வெச்ச மாதிரி இருக்கு. யாரு வெச்சது? நாத்தனாரா? ...அவங்க இல்லையா. அப்போ நீங்களா? ...எதுக்கும்மா? அதுவும் கால்ல மட்டும்... பாஞ்சாலி? ஹலோ? ...ஹலோ?”

கரகரவென்று ஏதோ உரசியது. பிறகு வேறு ஒரு மூச்சு கேட்டது. அது ஆம்பிளை மூச்சு.

“...ஓ, மகா அப்பா வெங்கடசாமி சாரா? வணக்கம் சார், வணக்கம். நல்லா இருக்கீங்களா? ...நான்தான், நான்தான். சும்மாதான் கூப்பிட்டேன் சார். பந்தயம் இருக்கே, வீட்ல ஒரு வார்த்தை சொல்லலாம்னு... ஆமா, இப்போ ஓடப்போறா... கட்டாயம் சார். முடிஞ்சதும் உங்க அக்காகூடவே அனுப்பிடறேன். வேற யார்கூட அனுப்பப் போறேன்? ...சேச்சே, லேட் எல்லாம் ஆகாது.”

பொய் சொன்ன பிள்ளைகளை மைதானத்தைச் சுற்றி ஓடவிடுகிறவள், நாக்கு குழறாமல் சொல்லிக்கொண்டே போனாள். மனம் மட்டும் வேறெங்கோ இருந்தது. முகத்தில் பூசியிருந்தால் பஸ்ஸில் வந்த எல்லோரும் பார்த்திருப்பார்கள், யாரும் ஒன்றும் கேட்டிருக்கமாட்டார்கள். சாக்ஸைக் கழற்றி உள்ளே இருக்கிற காலைப் பார்க்கிற ஆள் உலகத்திலேயே ஒருத்திதான். அது பாஞ்சாலிக்குத் தெரியும். வாய் திறக்க வழியில்லாதவள், சொல்ல வேண்டியதை விடிகாலையில் உட்கார்ந்து மகளின் காலில் பூசி அனுப்பியிருக்கிறாள். அவளைப் போய் என்னவெல்லாம் சொல்லிவிட்டோம் என்று சாந்தகுமாரி நெற்றியில் தட்டிக்கொண்டாள்.

“...பாஞ்சாலிம்மாகிட்டயா? ஒண்ணுமில்லை சார், மகா கால் விஷயம்... இல்லை இல்லை, அடியெல்லாம் படலை. பந்தயத்துக்கு முன்னாடி எல்லார் காலையும் பாப்பேன், அதான்... ஆமா ஆமா, அது ஒரு பைத்தியம் எனக்கு. நீங்க சொல்றது சரிதான்... சார், சார், வெச்சுடாதீங்க. அவங்க பக்கத்துலதானே இருக்காங்க? ஒரே ஒரு வார்த்தை சொல்லிடுங்க. மகா காலை மிஸ் பாத்துட்டாங்களாம், இனிமே அவங்களே பாத்துக்கறாங்களாம்னு சொல்லுங்க... ஆமா சார், இப்பவே. அம்மாகிட்ட சொன்னாத்தான் ஓடுவேன்னு பொண்ணு அடம் பிடிக்கறா... அப்படியே சொல்லுங்க, ஒரு வார்த்தை மாத்தாம...”

அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒலிபெருக்கி மறுபடியும் மகாவைக் கூப்பிட்டது.

“...சொல்லிட்டீங்களா? என்ன சொன்னாங்க? ...‘சரி மிஸ்’னு சொல்லச் சொன்னாங்களா. சரிங்க சார். வெச்சுடறேன்.”