தள்ளி வெச்ச வேட்டு

கால்ல இடிச்சிருச்சுங்களா? மன்னிச்சுக்கங்க. இந்தா, இந்தப் பைய இங்கிட்டு இழுத்து வெச்சுக்கிறேன். இல்லங்க, மேல வெக்க முடியாது. பிரேக் போட்டா யாரு தலையிலயாச்சும் விழுந்துரும். கண்டக்டர்கூட பின்னாடி கொண்டுபோய் வையி பெருசுன்னாரு. நாந்தான் முடியாதுன்னுட்டேன். கண்ணு முன்னாடியே கெடக்கட்டும். உள்ள என்னவா? பொறவு சொல்றேங்க.

லேனாவிளக்கு வரைக்குங்க. நீங்க? காரைக்குடியா. அப்ப நான் எறங்குற வரைக்கும் இந்த இம்சை ஒங்களுக்குத்தான்.

போனா? அடிக்கட்டுங்க. ஊருலேருந்துதான் அடிக்கிறாங்க. இன்னைக்கு எங்க ஊரு அந்தோணியார் திருவிழா, பொழுது சாஞ்சா சப்பரம் கெளம்பும். இலுப்பூருக்கு அங்கிட்டு உள்ள தள்ளி இருக்கு, பேரு சொன்னாத் தெரியாது. வாஸ்தவந்தான், திருவிழா அன்னைக்கு எவனாச்சும் ஊர விட்டுக் கெளம்புவானா? திருப்பூர்ல இருக்கறவன், மெட்ராஸ்ல இருக்கறவனெல்லாம் அடிச்சுப் பிடிச்சு வந்து எறங்கிக்கிட்டு இருக்கான். நான் பையத் தூக்கிக்கிட்டு எதுத்தாப்புல போறேன். பாத்தவனெல்லாம் என்ன மாமா எங்கங்கிறான். ஆஸ்பத்திரிக்குன்னு சொல்லிட்டு வந்தேன்.

மருமகளப் பாக்கத்தாங்க போறேன். அங்க சிலோன்காரங்க முகாம் இருக்குல்ல, அதுல அவுங்க அம்மா வீட்டுல இருக்கு. என் மகன் ஜெரோமும் கூடத்தான் போயிருக்கான். சண்டையெல்லாம் இல்லங்க. சண்டை போட்டிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

கலைமதின்னு பேரு. முள்ளிவாய்க்கால்னு கேள்விப்பட்டிருப்பீங்க, கடைசிச் சண்டை நடந்துச்சுல்ல. அப்ப அதுக்கு எட்டு வயசு. ஷெல் விழுந்து ரெண்டு காலும் முழங்காலுக்குக் கீழ போயிருச்சு. அவுங்க அப்பாவும் அதே எடத்துல. அம்மாதான் தோள்ல போட்டுக்கிட்டு ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சு, பொறவு படகேறி, மண்டபம் முகாம்ல கெடந்து, இங்க வந்து சேந்துருக்காங்க. பள்ளிக்கூடத்துக்கு மொதல்ல அம்மா முதுகுல போயிருக்கு. பொறவு பொய்க்கால் மாட்டி நடந்துச்சு. வளர்ற புள்ளைக்கு அந்தக் காலும் பத்தாமப் போயிருமாமே. நம்ம புள்ளைக்குச் செருப்பு மாத்துற மாதிரி அதுக்குக் கால மாத்தணும். மாத்தும்போதெல்லாம் தோல் உரிஞ்சு புண்ணாகும். இதையெல்லாம் அது வாயால சொல்லலீங்க. சம்பந்தியம்மா சொன்னாங்க.

இப்பவா? தையல்காரிங்க. திருமயத்துல கடை வெச்சிருந்துச்சு. கல்யாண ஜாக்கெட்டுக்கு அம்புட்டுக் கூட்டம் நிக்கும். மோட்டார் மெஷினுக்குக் கால்ல மிதிக்கிற பெடல் இருக்குமே, பொய்க்கால்ல எம்புட்டு அமுக்குறோம்னு தெரியாதாம். தையல் பிச்சுக்கிட்டு ஓடுமாம். என் மகன் மோட்டார் ரிப்பேர் பாக்குறவன். அவன் போயி அந்தப் பெடலத் தூக்கி மேசைக்கடியில முட்டிக்கு நேரா மாட்டிக் குடுத்தான். அதோட விட்டானா? ஒரு வருசம் அந்தப் பெடலப் பாத்துட்டு வாரேன் பாத்துட்டு வாரேன்னு போனான். ஒரு பெடலு எத்தனை தடவைதாங்க ரிப்பேராகும்? கடைசியில கட்டுனா அதத்தான் கட்டுவேன்னுட்டான்.

எனக்கு மொதல்ல மனசு ஒப்பல. பொய் சொல்லக் கூடாது. என் வீட்டுக்காரி வியாகுலமேரிதான் போயிப் பாத்துட்டு வந்து, நம்ம வேதக்காரங்கதான், புள்ள தங்கம், கட்டி வையிங்கன்னு நின்னா. நானும் போயிப் பாத்தேன். பாத்த பொறவு வேணாம்னு சொல்ல எவனாலயும் முடியாது.

தை மாசம் கல்யாணம். ஜெரோம் ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். அப்பா, வேட்டு மட்டும் வேணாம்ப்பா, கலைக்கு ஆகாதுன்னான். சரிடான்னேன்.

எங்க வீடு என்ன வீடு தெரியுங்களா? வேட்டுக்கார வீடு. எங்க அய்யா காலத்துலேருந்து சப்பரத்துக்கு அதிர்வேட்டு எங்க உபயம். ஊருல கல்யாணமோ சாவோ, மருந்து கெட்டிச்சு வெடிக்கிற வேட்டுக்குழாய் எங்க வீட்டுலேருந்துதான் போகணும். அந்த வீட்டுக் கல்யாணமே சத்தமில்லாம நடந்தா? பங்காளி ஒருத்தன் பந்தக்கால்கிட்ட நின்னு கேட்டான், என்ன ஆரோக்கியமுத்து, கால் இல்லாத பொண்ணுன்னு கமுக்கமா முடிக்கிறியான்னு. சுருக்குன்னுச்சுங்க. அந்தப் புள்ளைக்குல்ல கேவலம், அது வீட்டுக்கு வாறது ஊருக்கே தெரியணும்ல, அப்படின்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன். எனக்குத்தான் கேவலமா இருந்துச்சு. அத இப்ப சொல்லலாம்.

வேட்டுப் போடுற நிலவழகனக் கூப்புட்டேன். கோயில் பக்கமே வேணாம்ப்பா, கண்மாய்க்கரைக்கு அங்கிட்டுத் தள்ளி வெச்சு ஒண்ணே ஒண்ணு போடு, பொண்ணு மாப்ள படியெறங்கும்போதுன்னேன். தள்ளி வெச்சா அதுக்கு அதிராதுல்ல? அம்புட்டு யோசனையாச் செஞ்சதா எனக்கு நெனப்பு.

படியெறங்கி வாராங்க. முன்னாடி என் மக வயித்துப் பேத்தி ஜாஸ்பின், கையில பூக்கூடை. அங்கிட்டு தூரத்துல டும்முன்னு கேட்டுச்சு. அம்புட்டுத்தான். பொண்ணக் காணோம். கீழ பாத்தா, ஜாஸ்பினத் தரையில போட்டு அதுக்கு மேல கவுந்து கெடக்கு. வெள்ளைச் சேலையெல்லாம் புழுதி. தடுக்கி விழுந்துருச்சுன்னு கொஞ்சப் பேரு சிரிச்சாங்க. நானும் சிரிச்சேங்க. யப்பா பொண்ணத் தூக்குங்கப்பான்னு சிரிச்சுக்கிட்டே சொன்னேன். பொறவுதான் பாக்குறேன், ஒரு காலு கழண்டு படியில கெடக்கு. கலைமதி புள்ளையோட காதப் பொத்திக்கிட்டு, வாயத் திற பிள்ளை, வாயத் திற பிள்ளைன்னு கத்துது. சத்தத்துல காது கிழிஞ்சுரக் கூடாதுன்னு அங்க சின்னப் புள்ளைகளுக்கு அப்படிச் சொல்லிக் குடுத்திருக்காங்க.

ஜெரோம் அந்தக் கால எடுத்துட்டு வந்து அங்கயே மண்டி போட்டு மாட்டி விட்டான். என்னைய ஒரு பார்வை பாத்தான் பாருங்க.

ரெண்டு நாளு கழிச்சு நானாத்தான் போயி, தள்ளித்தான் ஆத்தா வெக்கச் சொன்னேன்னேன். கலைமதி சிரிச்சுக்கிட்டுச் சொல்லுது, கிட்ட விழுந்தா அதோட முடிஞ்சுது மாமா, தூரத்தில கேட்டாத்தான் அடுத்தது எங்க விழும் எண்டு பாக்க வேணும்னு. பக்கத்துல வெச்சிருந்தாக்கூட அதுக்கு வேட்டுன்னு தெரிஞ்சிருக்கும். தள்ளி வெச்சு நான் ஷெல்லாவே ஆக்கிப்புட்டேன்.

பாருங்க, மறுபடி அடிக்குது. நிலவழகனாத்தான் இருக்கும். அடிக்கட்டும்.

முந்தாநாள் கொடியேத்தம். அன்னைக்குக் காலையில கலைமதி, நான் அம்மாட்ட ரெண்டு நாள் இருந்திட்டு வாறன் மாமா, நீங்க திருவிழாவ விட்டுடாதேங்கோன்னு வந்து நிக்குது. பை கட்ட ரெண்டு நிமிசங்கூட ஆகல. எப்புடின்னா, கட்டிலுக்கடியில ஒரு பை எப்பவும் கட்டியே கெடக்கு. அகதி கார்டு, மாத்துத் துணி, காலுக்குப் போடுற உறை, தண்ணி பாட்டுலு. எங்க வீட்டுக்கு வந்த நாள்லேருந்து அப்படித்தான் வெச்சிருக்காம். வியாகுலமேரிக்கே தெரியாது. அது ஓடி ஓடித்தானேங்க இங்க வந்துச்சு. வாழ வந்த வீட்டுலேருந்தும் வருசா வருசம் ஓடணுமா?

அதுக்கு நான் என்ன சொன்னேன்ங்கிறீங்க? சரி ஆத்தா, பத்திரமாப் போயிட்டு வான்னேன். சப்பரம் நல்லபடியா நடக்கணும்ல. அந்த நிமிசம் உள்ளுக்குள்ள ஒரு நிம்மதி வந்துச்சு பாருங்க, சனியன் அதத்தான் எனக்குப் பொறுக்க முடியல. ரெண்டு ராத்திரியும் தூக்கமில்ல.

என்ன, லெம்பலக்குடி தாண்டிட்டமா? அப்ப நான் முன்னாடியே எறங்கிக்கிறேன். இங்க ரோட்டோரமா ஒரு கண்மாய் வரும்ல, நீங்க அடிக்கடி போறவரு, தண்ணி கெடக்குங்களா? கொஞ்சமாச்சும்? சேறா இருந்தாலும் போதும்.

பையில என்னன்னு அப்பயே கேட்டீங்க. அதோட காலுன்னுதானே நெனச்சீங்க? இல்லங்க. வேட்டுக்குழாய். எங்க வீட்டுக் குழாய் மூணும். பயப்படாதீங்க, மருந்தில்ல, வெறும் இரும்பு. காலையில தொடைச்சுக் குடுக்கறதுக்குத்தான் எடுத்தேன். எடுத்தவன் அப்படியே பையில போட்டு பஸ் ஏறிட்டேன். நிலவழகன் தேடிக்கிட்டு இருப்பான். எங்க ஊரு கண்மாயில போட்டா பயலுக முங்கி எடுத்துருவானுங்க. பழைய இரும்புக்குப் போட்டா எவனாச்சும் வாங்கிட்டுப் போயி வெடிப்பான். பக்கத்து ஊருல எரவல் வாங்கி இன்னைக்கு வெடிச்சாலும் வெடிப்பாங்க, தெரியும். எங்க வீட்டுலேருந்து போவாது, அம்புட்டுத்தான்.

அங்க போயிச் சொல்ல மாட்டேங்க. சொன்னா, ஏன் மாமா இப்பிடிச் செய்தனீங்கள், போய் எடுத்துக் குடுங்கோன்னு சொல்லிப்புடும். அதான் அது மூஞ்சியில முழிக்கிறதுக்கு முன்னாடி இந்தக் கண்மாயில போட்டுறணும்.

விசில் குடுத்துட்டாரு. அந்தப் பக்கம் கொஞ்சம் பிடிச்சு எறக்கி விடுறீங்களா? கனமா இருக்கும். பாத்துங்க, மெதுவா. சத்தம் கேக்காம வையிங்க.