பீங்கான் கொடியின் பதினெட்டு இலைகள்

ஹலோ... ஆமா, நர்சரிதான், சொல்லுங்க... பீங்கான் கொடியா? இருக்கு, இருக்கு. ஒரு இலை நாப்பதாயிரம்... தொட்டிக்கு இல்லீங்க, இலைக்கு. தொட்டி நம்ம அன்பளிப்பு... இதுக்கெல்லாம் விலையே கிடையாதுங்க. விலைமதிக்க முடியாத சாமான். அதனாலதான் நாப்பதாயிரத்தோட நிறுத்தியிருக்கேன்... குறைக்கறதா? நீங்க வேற. இன்னொருத்தர் கையில இதே கொடியைக் காட்டுங்க, அன்னிக்கே கடையை இழுத்துச் சாத்திட்டுப் பழையபடி பாத்திரம் விக்கப் போயிடறேன்... என்ன, பேச்சையே காணோம்? விலையைக் கேட்டு மயக்கமா?... யாருன்னு கேட்டீங்க? நான் யாருன்னா?... நீங்க யாரு?

அக்காவா!

ஏய், நம்பர் புதுசா இருக்கே... அத்தான் போனா? அவரு எப்போ போன் வாங்கினாரு?... இங்க தண்ணி லாரி வந்து நின்னு உயிரை வாங்குது, குரலே பிடிபடல... ஏம்மா! அந்த மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்தும்மா! போன் பேசறேன் இல்ல... ஆங், இப்ப சொல்லு அக்கா... இல்ல இல்ல, விக்கல. விப்பேனா? கண்டவனும் வந்து கேக்கறான் அக்கா, விரட்டறதுக்குன்னு ஒரு விலை சொல்லி வச்சிருக்கேன். நாப்பதாயிரம்னா எவனும் திரும்பிப் பாக்க மாட்டான்... ஆமா... ஆமா... உன்மேல சத்தியமா. சரி, உன்மேல வேண்டாம், என்மேல.

ம்... ம்... எந்த அம்மா?... தாவரத் தோட்டத்து டாக்டரம்மா. தெரியும், கண்ணாடி வீட்டுல ஒண்ணு வளர்த்தாங்களே... செத்துப் போச்சா? எப்படி?... மூணு நாள் கரண்ட் இல்லாததுக்கா? அடப்பாவமே... அப்போ மலையில?... பாறை உடைக்கிறாங்கன்னு தெரியும், அந்தப் பக்கமுமா?... மரத்தோட போச்சா... முழுக்கவா?... அப்போ எங்கயுமே இல்லையா அக்கா?

ம்.

என்கிட்ட இருக்கறதுதானா.

நாளைக்கா? நாளைக்கே கன்னு எடுக்க வராங்களா? என்ன அவசரம், அடுத்த வாரம் வரச் சொல்லேன்... இல்ல, செடிக்கு ஒண்ணும் இல்ல. செடி நல்லா இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு. நீ நினைக்கறதை விட நிறையவே இருக்கு... நிறையன்னா நிறையதான். அதுல என்ன விளக்கம்... இலையா? இலை பதினெட்டு. நீங்க மாடி வீட்டுக்குப் போறப்போ பாத்துக்கச் சொல்லிப் பதினெட்டு குடுத்தீங்க, இன்னிக்கும் பதினெட்டு. ஒண்ணு உதிரல. எப்படி என் காவல்?... ஏன் கூடலைன்னா... மெதுவாத்தானே வளரும். அத்தானே சொல்லுவாரு, ஒன்பது வருஷம் ஆச்சு முதல் பூவுக்குன்னு... போட்டோவா? அனுப்பறேன், வெளிச்சம் சரியில்ல... மதியம்தான். மதியத்துலயும் வெளிச்சம் சரியில்லாம போகும் அக்கா, நிழல் வலை கட்டியிருக்கேன் இல்ல...

சரி சரி, அழாத. கத்தாத. சொல்லிடறேன். கேட்டு முடிக்கற வரைக்கும் நடுவுல பேசாத.

செடி இப்போ தொட்டியில இருக்கு. தொட்டிகள்ல. தனித்தனியா... ஆமா, வெட்டினேன். நாலு மாசம் ஆச்சு... திருடல அக்கா, பெருக்கினேன்! ஒரு செடியை வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, ஒரு பூச்சி வந்தாப் போச்சு. பதினெட்டா இருந்தா? யோசிச்சுப் பாரு. நீ கேட்டா முதல்ல சந்தோஷப்படணும். பதினெட்டு இலை வச்சேன், பதினெட்டும் வேர் விட்டுருச்சு. ஒண்ணு தப்பல. மூணு வருஷம் முன்னாடி குக்கர் வித்துக்கிட்டிருந்தவன் நான். அந்த டாக்டரம்மா கண்ணாடி வீட்டுல நடந்திருக்குமா இது?

நாளைக்கு வரட்டும். ரெண்டு இல்ல, மூணு தொட்டி தரேன். சும்மாவே தரேன்.

என்ன?... புது இலை எதுவும் வந்துச்சாவா? வரல. இன்னும் வரல... பதினெட்டுலயும்தான்... ஆமா, நாலு மாசமா. வரும் அக்கா. பல் டாக்டர் ஒருத்தர் வாரா வாரம் போன் பண்ணி இதையேதான் கேக்கறார். உங்க நாற்காலியில ஒரு மணி நேரம் வாயைப் பொளந்துக்கிட்டுப் பொறுமையா கிடக்கறோமே, அந்தப் பொறுமையை நீங்களும் பாருங்க டாக்டர்ன்னேன்... ஆமா, அவருக்கு ஒண்ணு குடுத்தேன். ஆறு போயிருக்கு... சரி, வித்தேன். ஆறு வித்தேன். போதுமா?

எப்படி வெட்டினேன்னா? கத்தி வச்சுதான்... இல்ல, தண்டோட இல்ல, இலையைக் காம்போட எடுத்தேன். தண்டை எதுக்கு வெட்டணும்? வர்றவன் இலையைத்தானே பாக்கறான். ஒவ்வொரு இலையும் உள்ளங்கை அளவு, பீங்கான் தட்டு மாதிரி மினுமினுன்னு... அந்தக் குண்டு இலைச் செடியெல்லாம் அப்படித்தானே பண்றேன்? இலையைக் கிள்ளி மண்ணுல போட்டா பத்து நாள்ல குட்டி போடுது. நூத்துக்கணக்குல பண்ணியிருக்கேன்... அது வேற, இது வேறயா? இலைன்னா இலைதானே?

கணுவா? தண்டுல முடிச்சு மாதிரி இருக்குமே, அதா?... அது இல்ல. இலை மட்டும்தான்.

அக்கா?... ஹலோ? இருக்கியா?

ஏன் அத்தானைக் கூப்பிடற? அவரை எதுக்கு... சரி, நீயே அவர்கிட்ட கேட்டுச் சொல்லு. ம்... கணு இல்லாம வச்சா வேர் விடும். ஆமா, விட்டுருக்கே... வேர் விடும், ஆனா?... ஆனா தளிர் விடாதுன்னா என்ன அர்த்தம்? என்னிக்குமா?... இலையாவே இருக்குமா? அஞ்சு வருஷம்னாலும்?... போ அக்கா. அத்தான் என்னைப் பயமுறுத்தறாரு. வேர் இருந்தா செடிதானே? கால் இருக்கு, நடக்காதுன்னா எப்படி?

இரு. லைன்ல இரு. ஒண்ணை எடுத்தே பாத்துடறேன்.

வந்துட்டேன்... இதோ, தொட்டியைத் தட்டிட்டேன். பாரு, இவ்ளோ வேர். வெள்ளை வெளேர்னு ஒரு பந்து மாதிரி... மண்ணை உதறிட்டேன்... வேர்... காம்பு... இலை.

நடுவுல ஒண்ணும் இல்ல.

ஆமா அக்கா. மொழுமொழுன்னு இருக்கு. முளைன்னு சொல்ல ஒரு புள்ளி கூட இல்ல... இன்னொண்ணா? பாக்கறேன்... இதுவும் அப்படித்தான்.

இதுங்களுக்கு நாலு மாசமா குடை பிடிச்சேன் அக்கா. மழைத் தண்ணி பிடிச்சு வச்சு, பஞ்சால இலையைத் துடைச்சு... உயிரோடதான் இருக்கு. ஆனா இதோட முடிஞ்சுது. அப்படித்தானே?

தண்டா? தண்டு... மொட்டையா நின்னுச்சு. பாக்கப் பாவமா இருந்துச்சு, மூணு வேளையும் தண்ணி ஊத்தினேன். அடி அழுகிப் போச்சு... மேல நல்லாத்தான் இருந்துச்சு. தூக்கிப் போடல. நான் எதைத் தூக்கிப் போட்டிருக்கேன்? துண்டு துண்டா நறுக்கி, தொட்டியில செடி பேர் எழுதின பேரட்டை மாட்டறதுக்குக் குச்சியா குத்தி வச்சேன். பதினொரு குச்சி வந்துச்சு. மிச்சத்துக்கு மூங்கில்... ஏன், என்ன?... ஆமா, ஈர மண்ணுலதான். இலைக்குப் பக்கத்துலயே.

அக்கா, சிரிக்கறியா அழறியா?... அதுலதான் கணு இருக்குமா! அந்தக் குச்சியிலயா! அடியே... அப்போ பிழைச்சோம்! நான் எங்க அப்பாவோட பிள்ளை அக்கா, ஒண்ணை வீணாக்க மாட்டேன்! இரு இரு, வரிசையாப் பாத்துச் சொல்றேன். அத்தானைக் கவலைப்பட வேண்டாம்னு சொல்லு. ஏம்மா, நகரு நகரு, அந்தக் குடத்தை எடு...

...

ம்... இருக்கேன்.

ஒண்ணு சொல்லணும் அக்கா. அந்த முடிச்செல்லாம் துருத்திக்கிட்டு இருந்துச்சு இல்ல. பேரட்டை நேரா உக்காரல. வர்றவங்க கண்ணுக்கு லட்சணமா இருக்கணும்னு... கத்தியால சீவி விட்டேன்.

எல்லாத்தையும்.

வழுவழுன்னு. பென்சில் மாதிரி... திட்டு. நல்லா திட்டு.

வித்த தொட்டியிலயா? நாலு குச்சி போயிருக்கு, யார் யாருக்குன்னு தெரியல. ஆறு பேருக்கும் போன் பண்ணி, இலையை நீங்களே வச்சுக்குங்க, குச்சியைக் குடுங்கன்னு கால்ல விழறேன். பைத்தியம்னு நினைப்பாங்க, நினைக்கட்டும்... ஆனா அக்கா, வித்ததுதான் இருக்கறதுலயே அழகாச் சீவினது. நல்லதைப் பொறுக்கித்தானே வித்தேன்.

இங்க இருக்கறது ஏழு. பாத்துக்கிட்டே வரேன்... காஞ்சது. விறகு... இதுவும்... நகத்தால கீறிப் பாக்கறேன்... உள்ள பழுப்பு... ஒடிஞ்சே போச்சு... பழுப்பு... இது பூஞ்சை பிடிச்சிருக்கு... பழுப்பு...

கடைசிக் குச்சி. மேல காஞ்சு போச்சு. இழுக்கறேன்... என்ன?... அத்தான் இழுக்காதங்கறாரா? இழுத்துட்டேனே. அடியில ஏதோ புடைச்சிருக்கு அக்கா! மண்ணுக்குள்ள இருந்ததால கத்தி படல போல... முடிச்சுதான். கணுதான்! ஒண்ணு இருக்கு!

யாரு... அத்தான்? வணக்கம் அத்தான். இல்ல, நீங்க பேசுங்க... ஆமா, கையில வச்சிருக்கேன்... நிறமா? கறுப்பும் பச்சையும் நடுவுல... கொஞ்சம் மெத்துன்னு இருக்கு. அழுத்தல அத்தான், சத்தியமா அழுத்தல... காம்பு இருந்த தழும்பா? இருக்கு. அது முடிச்சுக்கு மேல தெரியுது... கீழ இருக்கணுமா? அப்போ...

தலைகீழாக் குத்தியிருக்கேன்.

ஊசி எதுக்கு?... பேரட்டை குத்தற குண்டூசி இருக்கு. பக்கத்துல லேசாக் குத்தணும். சரி... குத்திட்டேன். உயிர் இருந்தா பால் வரணுமா? வெள்ளையா?... இருங்க... இருங்க அத்தான்...

ஒரு சொட்டு வந்துச்சு. வெள்ளைன்னு சொல்ல முடியல. தண்ணி மாதிரி... மறுபடி குத்தட்டா?... சரி, குத்தல. திருப்பி வைக்கறேன். நேராதான். ஈரப் பாசியில சுத்தி, மூடி போட்டு, தண்ணி ஊத்தாம. தொடவே மாட்டேன்... பிழைக்குமா அத்தான்?... ம்... தெரியும். நூத்துல ஒண்ணு கூட இல்லைன்னு தெரியும். கேக்கணும் போல இருந்துச்சு.

டாக்டரம்மாவை வரச் சொல்லுங்க. அவங்களுக்காவது கை ராசி இருக்கட்டும்.

எதைச் சொல்லணும்?... எல்லாத்தையும் எண்ணியா? சொல்றேன். இலை பதினெட்டு. ஆறு வித்தது, பன்னெண்டு இங்க. எல்லாம் உயிரோட இருக்கு, எதுவும் வளராது. குச்சி பதினொண்ணு. நாலு வெளிய, ஆறு விறகு. மிச்சம் இந்த ஒண்ணு. கணுன்னு பாத்தா, ஒண்ணு.

நீங்க குடுத்தப்போ எத்தனைன்னா... கணுவையா கேக்கறீங்க? நான் இலையைத்தான் எண்ணினேன். நீங்க எண்ணினீங்களா?... இருபத்தாறா? அடியில இலை உதிர்ந்து போன எட்டையும் சேர்த்தா?... அதுலயும் தளிர் விட்டிருக்குமா அத்தான்?

அப்போ, இருபத்தாறு வாங்கினேன். கையில ஒண்ணு. அதுவும் நிச்சயமில்ல... அத்தான்?... ஏதாவது சொல்லுங்க... ஹலோ?... அக்காகிட்டயாவது குடுங்க... ஹலோ?

வச்சுட்டாரு.

...இருபத்தஞ்சு பாக்கி.