ஆறு ஓடிய இடத்தில் தேடுங்கள்

அப்பு! என் கண்ணே! அம்மா மேடை ஏறியிருக்கிறேனடா.

தலைமையேற்று நடுவில் வீற்றிருக்கும் நகர்மன்றத் தலைவர் ஐயா அவர்களே, தள்ளாத வயதிலும் தடி ஊன்றி வந்திருக்கும் பெரியவர்களே, என் மகனோடு கம்பம் ஏறிய மின்சார அலுவலகத் தோழர்களே, தூங்கும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! உங்கள் எல்லோரையும் கும்பிடுகிறேன். நான் நாலாவது தாண்டாதவள். பேச்சில் பிழை இருந்தால், பெற்ற வயிறு பேசுகிறது என்று பொறுத்துக்கொள்ளுங்கள்.

"ரெண்டு வார்த்தை நன்றி சொல்லும்மா" என்றுதான் கூப்பிட்டார்கள். நம் தெருவுக்குப் பின்னால் இருக்கும் மூன்று குட்டைகளையும் மண்ணடித்து மூடி, விளையாட்டுத் திடல் கட்டி, அதற்கு என் மகன் பெயரை வைக்கப்போவதாகத் தலைவர் ஐயா இப்போது அறிவித்தார். நீங்கள் கை தட்டினீர்கள். நான் தட்டவில்லை. ஏன் தட்டவில்லை?

லாரி கழுவும் குட்டை, கொக்குக் குட்டை, கடைசிக் குட்டை. மூன்றையும் கோத்துக்கொண்டு ஒரு சின்ன ஓடை; ஓடை நெடுக நாணல், நாணல் அடியில் சேறு. ஆறு தடம் மாறியபோது விட்டுவிட்டுப் போன தண்ணீர் அது. அந்தப் பழைய படுகையில்தான் நம் தெருவே இருக்கிறது. ஒரே ஆற்றுக்கு மூன்று பெயர் வைத்தோம். கூப்பிட்டுக் கூப்பிட்டு ஆற்றையே மறந்தோம். நாம் மறந்தோம். மழை மறந்ததா?

அந்தப் பெருமழை நாளில், சாயங்காலம் ஆற்றின் கரை உடைந்தது. பாதி வெள்ளம் ஆற்றோடு போனது, மீதி வெள்ளம் நம் தெருவோடு வந்தது.

"அம்மா, டிரான்ஸ்ஃபார்மர்கிட்ட தண்ணி வந்துடுச்சாம். கரண்டை நிறுத்திட்டு ஓடி வந்துடறேன்."

"ஊர்ல வேற ஆம்பளையே இல்லையாடா?"

"இருக்காங்கம்மா. அவங்களுக்கெல்லாம் ஷாக் அடிக்கும். எனக்குப் பழகிடுச்சு."

சிரித்துக்கொண்டே இறங்கினான். கொஞ்ச நேரத்தில் தெரு முழுக்க விளக்கு அணைந்தது. பிள்ளை வேலையை முடித்துவிட்டான் என்று நினைத்தேன். முடித்துத்தான் இருந்தான். உங்களில் ஒருவரையும் மின்சாரம் தொடவில்லை. அவன்தான் திரும்பவில்லை.

படகு வந்தது, கயிறு வந்தது, முங்கித் தேடும் ஆட்கள் வந்தார்கள். எங்கே தேடினார்கள்? பாலத்தடியில் தேடினார்கள், படித்துறையில் தேடினார்கள், ஆறு ஓடுகிற இடமெல்லாம் தேடினார்கள். குறை சொல்லவில்லை. குளிரில் பல் கிட்டிப்போய்க் கரையேறியவர்களுக்கு நான்தான் டீ ஆற்றிக் கொடுத்தேன். ஆனால் ஆறு ஓடிய இடத்தில் ஒருவரும் தேடவில்லையே!

போன வாரம், மீன் பிடிக்கும் அக்கா கதவைத் தட்டினாள். கையில் மஞ்சள் ஹெல்மெட். "ஓடை நாணல்ல சிக்கிக் கெடந்துச்சுடி. உம் புள்ளையோடதா பாரு." உள்ளே நான் தைத்துக் கொடுத்த பட்டை இருந்தது. அலுவலகத்துக்கு எடுத்துக்கொண்டு ஓடினேன். "ஹெல்மெட்டு எங்க வேணாலும் மிதந்து வரும்மா, மனசைத் தேத்திக்குங்க" என்றார்கள். எங்கே வேண்டுமானாலும் எப்படி வரும் ஐயா? தண்ணீர் வந்த வழியில்தானே வரும்?

யாரது பின்னால்? "கொசு தாங்கலக்கா, மூடட்டும்" என்கிறாயா தம்பி? என்னையும்தான் கடிக்கிறது. மூடிவிட்டால் அடுத்த வெள்ளம் எங்கே போய்ப் படுக்கும்? உன் கட்டிலில்தான் படுக்கும். நீ எழுந்து இடம் கொடு. சிரியுங்கள், பரவாயில்லை. அவன் இருந்தாலும் சிரித்திருப்பான்.

தாய்மார்களே! திடல் கேட்டேனா? பெயர்ப்பலகை கேட்டேனா? என் பிள்ளை மேல் மண்ணைக் கொட்டி, அந்த மண் மேல் உங்கள் பிள்ளைகளை ஓடவிட்டு, அதற்கு அவன் பெயரையே வைப்பீர்களா? உங்களில் எவள் தாங்குவாள்? நாளைக்கு வரும் மண் லாரியை நிறுத்துங்கள். தண்ணீருக்கு அதன் வழியை விடுங்கள். எனக்கு என் மகனைக் கொடுங்கள்; உயிராக இல்லாவிட்டாலும் உடம்பாகக் கொடுங்கள்!

தலைவர் ஐயா எழுந்து நிற்கிறார். என்ன ஐயா? மைக்கிலேயே சொல்லுங்கள், எல்லோரும் கேட்கட்டும்.

"லாரியை நிறுத்தச் சொல்றேம்மா. காலைல ஆளுங்களை இறக்கறேன். மூணுல முதல்ல எதுல இறங்கணும்?"

உங்கள் வாய்க்குச் சர்க்கரை போட வேண்டும் ஐயா. பொறுமையாகக் கேட்ட உங்கள் எல்லோருக்கும் என் நன்றி. வணக்கம்.

அப்பு, ஐயா கேட்கிறாரே, அம்மா என்ன சொல்லட்டும்? நீ எந்தக் குட்டையில் இருக்கிறாய்?