ஐந்து பாகம் ஆழம்

காவாவில் இன்னும் ரெண்டு ஏலக்காய் தட்டிப் போடச் சொல்லுங்கள், ஐயா. உங்கள் ஸ்டேஷன் காவா வெறும் சுடுதண்ணீராக இருக்கிறது. மற்றபடி எனக்கு இங்கே ஒரு குறையும் இல்லை. நானாகத்தான் வந்தேன். உள்ளே வைத்திருக்கும் ஹம்தானை வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். அவன் பெண்டாட்டிக்கு நிறைமாசம். முஸல்லமை அவன் கொல்லவில்லை.

முஸல்லம் என் தங்கை துமுனாவின் புருஷன். இந்த மிர்பாத் கடலில் இரண்டு பேரும் ஒரே படகில் வஞ்சிரம் பிடித்தே தலை நரைத்தோம். ஓடுகிற படகுக்குப் பின்னால் பொய்மீனை இழுத்துக்கொண்டு போகிற வேலை. மரத்தில் செதுக்கி, வர்ணம் பூசி, வயிற்றில் முள் வைத்த மீன். சும்மா இழுத்தால் அது மேலாகவே வரும். கீழே போக வேண்டுமானால் தூண்டில் நரம்பில் ஈயம் கட்ட வேண்டும். படகு வேகமெடுத்தால் பொய்மீன் ஏறும், தளர்ந்தால் இறங்கும். எவ்வளவு ஈயம், எவ்வளவு நரம்பு, என்ன வேகம், இதுதான் தொழிலே.

அவன் சுக்கான் பிடிப்பான், நான் ஈயம் கட்டுவேன். தினமும் ஒரே பாட்டுதான்.

"என்ன மச்சான், உன் மீன் பறக்குதா? கடல்காக்காவுக்கா தூண்டில் போடுற?"

ஒரு ஈயம் கூடுதலாகக் கட்டினால், "போதும்யா, பாறையைக் கட்டி இழுத்துட்டுப் போகவா வந்தோம்?" என்பான். வீட்டுக்கு வந்து அதையே துமுனாவிடம் நடித்துக் காட்டுவான். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். நானும் சிரித்துவைப்பேன். சண்டை போடத் தெம்பில்லை, ஐயா. சலித்துப்போயிருந்தது.

இந்த வருஷம் கரீஃப் மழை ஓய்ந்ததும், காவா குடிக்கிற இடத்தில் எல்லார் முன்னாலும் என்னைக் காட்டிச் சொன்னான்: "இனிமே நான் ஹம்தானோட போறேன். இந்த பகீத்துக்கு ஆழமும் தெரியாது, கடலும் தெரியாது. இவனோட மாரடிச்சது போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஹம்தான் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். மறுநாள் வீட்டுக்கே வந்து, தானே செதுக்கிப் பச்சை வர்ணம் அடித்த பொய்மீன் ஒன்றை என் கையில் வைத்தான். "மனசுல வெச்சுக்காதீங்க மாமா. இது உங்களுக்கு." தங்கமான பையன். அதை இப்போதும் சொல்வேன்.

அப்புறம் சுஃபைலா சிப்பிக்கான பருவம் வந்தது. முஸல்லம் மூச்சடக்கி முங்கி, பாறையிலிருந்து சிப்பியைப் பெயர்த்து இடுப்பில் கட்டிய வலைப்பைக்குள் போடுவான். ஹம்தான் அவனைப் பாறைமேட்டில் இறக்கிவிட்டு, மிதவையில் வெள்ளைத்துணி கட்டிவிட்டு, சற்றுத் தள்ளி வஞ்சிரத்துக்கு இழுத்துக்கொண்டிருப்பான். வெள்ளைத்துணியைக் கண்டால் எங்கள் ஆட்கள் தூண்டிலைச் சுருட்டிக்கொண்டு சுற்றிப் போவார்கள். இது எங்கள் ஊரில் பால்குடி மறக்காத பிள்ளைக்கும் தெரியும்.

அன்று காலையில் மூடுபனி. நான் தனியாகத்தான் போனேன், வஞ்சிரத்துக்குத்தான் போனேன். பெட்டியைத் திறந்ததும் ஹம்தான் கொடுத்த பச்சை மீன் கையில் பட்டது. என்னுடைய மீன்கள் அதன் மேலேயே கிடந்தன, அவற்றை ஒதுக்கிவிட்டுத்தான் அதை எடுத்தேன். ஒரு ஈயம் கட்டினேன். இரண்டாவதும் கட்டினேன். அந்த மேட்டில் முஸல்லம் ஐந்து பாகத்தில், அதாவது ஐந்து ஆள் ஆழத்தில், முங்குவான் என்பது எனக்குத் தெரியும். இரண்டு ஈயம் நான்கு பாகம்தான் போகும். ஐந்தைத் தொட மூன்றாவதையும் கட்டினேன்.

வெள்ளைத்துணி தெரிந்தது. நான் சுருட்டவில்லை. முதல் சுற்றில் படகு கொஞ்சம் வேகமாகப் போய்விட்டது. இரண்டாவது சுற்றில் எஞ்சினைத் தணித்து, துணியை ஒட்டி வளைத்தேன். வளைக்கும்போது உள்பக்கத்து நரம்பு தொய்ந்து பொய்மீன் இன்னும் ஒரு முழம் இறங்கும்.

மாட்டியது. பாறை என்றால் செத்த பாரமாக இருக்கும். வஞ்சிரம் என்றால் விலகி ஓடும். இது மேலே போகத்தான் இழுத்தது. மூச்சு வேண்டும் இல்லையா. நான் வேகத்தைக் கூட்டவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. ஆழமான பக்கம் பார்த்து அப்படியே போனேன். இழுப்பு நின்றதும் நரம்பை அறுத்துவிட்டு வீட்டுக்கு வந்து படுத்தேன். ரொம்ப நாளைக்கப்புறம் நல்ல தூக்கம்.

உடல் ஒதுங்கியபோது வலைப்பைக் கயிற்றில் பச்சை மீன் சிக்கியிருந்ததைப் பார்த்து, சிப்பிப் பங்கில் தகராறு என்று ஹம்தானைப் பிடித்தீர்கள். நான் பேசாமல்தான் இருந்தேன். துமுனா புருஷனை இழந்து இத்தா துக்கத்தில் உட்கார்ந்து அழுததைத் தாங்கிக்கொண்டேன். நான்தான் அவளுக்குச் சோறு கொண்டுபோய் வைத்தேன். இன்றும் துக்கவீட்டு வாசலில் ஆண்களோடு உட்கார்ந்திருந்தேன். அங்கே ஒருவன் சொல்கிறான்:

"கொலைகாரனா இருந்தாலும் என்ன கைடா அவனுக்கு! அந்தப் பனியில, சரியா அந்த ஆழத்துல கொண்டுபோய் நிறுத்தியிருக்கானே. முஸல்லம் சும்மாவா அவனைச் சேர்த்துக்கிட்டான்?"

"ஆமா, நம்ம பகீத்தால ஆகுமா அது?" என்றான் பக்கத்தில் இருந்தவன். துக்கவீட்டில் வைத்தே சிரித்தான், ஐயா. அங்கிருந்து எழுந்தவன் நேரே இங்கேதான் வந்தேன்.

அந்தப் பையனின் பெண்டாட்டி முகத்தை நினைத்துத்தான் வந்தேன். வேறொன்றுமில்லை. உங்களிடம் இருக்கும் நரம்பை எடுத்துப் பாருங்கள். மூன்று ஈயம், முழத்துக்கு ஒன்று, ஒவ்வொன்றுக்கும் இரட்டை முடிச்சு. அது என் முடிச்சு. ஹம்தான் ஒரே ஒரு ஈயம்தான் கட்டுவான், அவன் மீன் மூன்று பாகத்தைத் தாண்டாது. அவனால் முடிகிற காரியமா இது?

முஸல்லமை நான்தான் கொன்றேன். தெரிந்தேதான் கொன்றேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான்கு பாகம் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை முதலில் திருத்துங்கள். ஐந்து.